தூக்கத்தில் போய்விட்டான் என் தம்பி. வலிப்பு உள்ளவர்கள் வீட்டில் உங்களுக்கு யாராவது இதைச் சொன்னார்களா?

செல்லூர் அக்கா (இழையைத் தொடங்கியவர்)

என் தம்பி இறந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. வயது 24. இவ்வளவு நாள் கழித்து எழுதக் காரணம், அவன் எப்படி இறந்தான் என்பதே எங்களுக்கு நான்கு மாதம் தெரியவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் அவனுக்கு வலிப்பு ஆரம்பித்தது. அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே காலையில் பல் தேய்க்கும்போது கை வெடுக்கென்று உதறும், பிரஷ் தெறித்து விழும். தூக்கக் கலக்கம் என்று திட்டியிருக்கிறோம். விடிய விடியப் படித்துவிட்டு எழுந்த ஒரு காலையில் கை கால் வெட்டி இழுத்து விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈஈஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகப் போட்டால் வராது, இரண்டு நாள் விட்டால் வரும். இப்படியே ஒன்பது வருடம் ஓடியது.

போன சித்திரைத் திருவிழாவில், மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குக் கூட்டாளிகளோடு தல்லாகுளம் போனான். அந்த இரவு முழுக்க முழிப்பு. காலையில் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, பகலெல்லாம் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றியிருக்கிறான். மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், அதுவும் விடிய விடிய. மாத்திரை அட்டை வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தபோது ஐந்து வேளை மாத்திரை அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், மாடி அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தான். காலை எட்டு மணிக்கு அம்மா காபி எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டார். பதில் இல்லை. கதவை உடைத்தோம். குப்புறக் கிடந்தான், முகம் தலையணையில் புதைந்திருந்தது. நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

போலீஸ் வந்தது, பிரேதப் பரிசோதனை நடந்தது. உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு வர நான்கு மாதம். அதுவரை தெருவில் பேசியதை என்னால் மறக்க முடியாது. மருந்து குடித்துவிட்டான், காதல் தோல்வி, வீட்டில் சண்டை. துக்கம் கேட்க வந்தவர்களே அம்மாவிடம் கேட்டார்கள். கடைசியில் விஷம் இல்லை, மாரடைப்பு இல்லை, மூச்சுக்குழாயில் எதுவும் அடைக்கவில்லை என்று வந்தது.

அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்த மருத்துவரிடம் போனேன். படித்துவிட்டு, வலிப்பு உள்ளவர்களுக்கு எதிர்பாராமல் திடீர் மரணம் வருவது உண்டு, பெயர் சூடெப், பெரும்பாலும் தூக்கத்தில் நடக்கும் என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்றுதான்" என்றார்.

பைக் ஓட்டாதே என்றார்கள். கிணற்றில் குளிக்காதே, அடுப்படியில் தனியாக நிற்காதே என்றார்கள். ஒன்பது வருடத்தில் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்காவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்களா, சொல்லாமல் விட்டதே நல்லது என்று நினைக்கிறீர்களா?


மேலூர் அப்பா

அக்கா, மனசு ஆறவில்லை. என் மகளுக்கு ஒன்பது வயது. ஸ்கேனில் மூளையில் சின்னப் புள்ளி, நாடாப்புழுவால் வந்த கட்டி காய்ந்த தழும்பு என்றார்கள். இரண்டு முறை வலிப்பு வந்தது, அப்புறம் மாத்திரையில் இரண்டு வருடமாக வரவில்லை. எங்களுக்கும் யாரும் இதைச் சொன்னதில்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு நானும் என் மனைவியும் மாறி மாறி எழுந்து போய் அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தோம். இது எத்தனை பேருக்கு வரும்? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


நரம்பியல் மருத்துவர், தென்மாவட்டம்

நான் அரசு மருத்துவமனையில் வலிப்பு நோயாளிகளைப் பார்க்கிறேன். அம்மா, உங்கள் தம்பிக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

மேலூர் ஐயாவுக்கு முதலில் பதில். அமெரிக்க நரம்பியல் சங்கங்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவர், குழந்தைகளில் 4,500 பேரில் ஒருவர் என்று கணக்கு இருக்கிறது. பின்னால் வந்த சில ஆய்வுகள் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கின்றன. ஆனால் இந்த ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடப்பட்டதில்லை. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பு வருகிறதா, வந்தால் எத்தனை முறை, இதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வருடத்தில் மூன்று முறைக்கு மேல் அப்படி வருபவர்களுக்கு ஆபத்து சுமார் 15 மடங்கு. இரண்டு வருடமாக வலிப்பே வராத உங்கள் மகளுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. இரவு தூங்குங்கள் ஐயா.

எப்படி நடக்கிறது என்பது ஓரளவுக்குத் தெரியும். வலிப்பு நோயாளிகளை இரவும் பகலும் கேமராவும் ஈஈஜியும் வைத்துக் கவனிக்கும் மருத்துவமனைப் பிரிவுகளில் நடந்த இப்படிப்பட்ட மரணங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி 2013இல் ஒரு ஆய்வு வந்தது. பெரிய வலிப்பு முடிகிறது. மூளையின் மின்னோட்டம் அணைந்தது போல் தட்டையாகிறது. மூச்சு தாறுமாறாகி நிற்கிறது. அதற்குப் பிறகே இதயம் நிற்கிறது. எல்லாம் சில நிமிடங்களுக்குள். பெரும்பாலும் இரவு, பெரும்பாலும் குப்புறக் கிடந்த நிலை. உடனே நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கத் தொடங்கியவர்களில் பிழைத்தவர்களும் உண்டு.

உங்கள் தம்பிக்குக் காலையில் கை உதறியது என்று எழுதியிருக்கிறீர்கள். பதின்ம வயதில் தொடங்கும் அந்த வகை வலிப்புக்கு இரண்டு எதிரிகள், தூக்கமின்மையும் விட்ட மாத்திரையும். திருவிழாவில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

ஏன் சொல்வதில்லை என்பதற்கு என் பங்குக்கும் பதில் சொல்ல வேண்டும். புறநோயாளிப் பிரிவில் ஒரு காலையில் நூறு பேர் வருகிறார்கள். மாத்திரை எழுதி, பக்கவிளைவு கேட்டு அனுப்பவே நேரம் போதாது. மரணத்தைப் பற்றி இரண்டு நிமிடத்தில் பேச முடியாது என்று தள்ளிப் போடுவேன். அடுத்த முறையும் அதே இரண்டு நிமிடம்தான் இருக்கும். மேலே சொன்ன வழிகாட்டுதல் நோயாளியிடமும் குடும்பத்திடமும் இதைச் சொல்ல வேண்டும் என்றே கூறுகிறது. நான் பல பேரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அது தவறு.


ஓய்வுபெற்ற வாத்தியார், திருமங்கலம்

டாக்டர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு வேறு கருத்து. என் மனைவிக்கு 40 வருடமாக வலிப்பு. இரண்டு பிள்ளை பெற்றார், பேரன் பேத்தி பார்த்துவிட்டார். கல்யாணமான புதிதில் யாராவது எங்களிடம், இவர் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விடலாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் வாழ்ந்திருக்க மாட்டோம். ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதற்காக மீதி 999 பேரின் தூக்கத்தையும் கெடுக்க வேண்டுமா? செல்லூர் அம்மாவின் வேதனை புரிகிறது. அதற்காக எல்லோர் காதிலும் இதைப் போடுவது சரியா?


செல்லூர் அக்கா

ஐயா, உங்கள் மனைவி நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இந்த 40 வருடமும் அவர் எங்கே தூங்கினார்?


ஓய்வுபெற்ற வாத்தியார், திருமங்கலம்

என் பக்கத்தில்தான் அம்மா. இரவில் உதறினால் எனக்கு முழிப்பு வந்துவிடும். திருப்பிப் படுக்க வைப்பேன்.

நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது.


நரம்பியல் மருத்துவர், தென்மாவட்டம்

ஐயா, நீங்கள் தெரியாமலே செய்துவந்தது பெரிய காரியம். சுவீடன் நாட்டில் 2020இல் வந்த ஆய்வு ஒன்று இதைத்தான் சொல்கிறது. பெரிய வலிப்பு இல்லாமல், அறையில் துணையோடு படுப்பவர்களோடு ஒப்பிட்டால், பெரிய வலிப்பும் வந்து தனி அறையிலும் படுப்பவர்களுக்கு ஆபத்து 67 மடங்கு. துணை இருப்பதால் வலிப்பு வராமல் போகாது. வந்தபின் ஒருவர் தொட்டு, திருப்பி, கூப்பிட்டு எழுப்புவதில் மூச்சு திரும்பிவிடுகிறது என்று நினைக்கிறோம்.

நம் ஊரில் பல வீடுகளில் எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். அது பலரைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம். இப்போது பையன் வளர்ந்தால் மாடியில் தனி அறை கட்டிக் கொடுக்கிறோம்.


வலிப்போடு வாழ்பவன்

வயது 31. நோயாளியாகப் பேசுகிறேன், ஏனென்றால் இதுவரை பேசிய யாரும் நோயாளி இல்லை.

எனக்கு மாத்திரை கேட்கவில்லை, மூன்று வகை போட்டும் மாதம் இரண்டு முறை வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்துக்கு அனுப்பினார்கள். வலிப்புக்கு 1995இலிருந்து அங்கே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அறுவைக்கு முன் உட்காரவைத்துப் பேசியபோதுதான் முதல் முறையாக இந்த மரணத்தைப் பற்றிக் கேட்டேன். எனக்கு 27 வயது அப்போது. பயந்தேனா என்றால், ஆமாம், ஒரு வாரம் பயந்தேன். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை மாத்திரையை மறந்துவிட்டு அம்மாவிடம் போட்டேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து ஒரு வேளை விட்டதில்லை. மாத்திரை எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. வலிப்பு வந்தால் விழுவேன், நாக்கைக் கடிப்பேன், கூட்டத்தில் அவமானம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். உயிர் போகும் என்று தெரியாது.

வாத்தியார் ஐயா 999 பேர் என்கிறார். அந்த 999 பேரும் குழந்தைகள் இல்லை ஐயா. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் என் டாக்டருக்கு மட்டும் தெரிந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2019இல் கேமரன் பாய்ஸ் என்ற அமெரிக்க நடிகர் 20 வயதில் தூக்கத்தில் இறந்தார். காரணம் இதுதான் என்று அவர் பெற்றோர் வெளியே சொன்னார்கள், இன்றும் அதைப் பற்றிப் பேசிவருகிறார்கள். நம் ஊரில் வலிப்பு இருந்தது என்பதையே செத்த பிறகும் மறைக்கிறோம். அதனால்தான் மருந்து குடித்தான் என்ற பேச்சு வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது வீட்டில் இருப்பவர்களுக்கு. விஷயம் தெரிந்ததும் என் அம்மா இரவில் நான்கைந்து முறை வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குத் தூக்கம் கெட்டது, தூக்கம் கெட்டதால் வலிப்பு அதிகமானது. கடைசியில் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அண்ணன் அதே அறையில் அடுத்த கட்டிலில். விரல் வைப்பது கிடையாது. அறுவைக்குப் பிறகு, கடைசியாகப் பெரிய வலிப்பு வந்து மூன்று வருடம் ஆகிறது, ஆனாலும் அண்ணன் கட்டில் அங்கேயே இருக்கிறது.


உசிலை மருமகள்

பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆனபோது வலிப்பு இருப்பதை எங்கள் வீட்டில் மறைத்துவிட்டார்கள். மாத்திரையை அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தேன். மாமியார் அடுப்படியில் இருந்தால் அன்று மாத்திரை இல்லை. விருந்துக்கு ஊருக்குப் போனால் மூன்று நாள் இல்லை. ஒரு நாள் இரவில் வந்துவிட்டது, பக்கத்தில் அவர் இருந்தார். உயிரோடு இருக்கிறேன். வீட்டில் தெரிந்து பெரிய சண்டை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. தெரிந்த பிறகு என் வீட்டுக்காரரே இரவில் மாத்திரை எடுத்துத் தருகிறார்.

என் கேள்வி இது. இப்போது மூன்று மாதம். மாத்திரை குழந்தைக்கு ஆகாது, நிறுத்திவிடு என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?


நரம்பியல் மருத்துவர், தென்மாவட்டம்

அம்மா, இன்றைய மாத்திரையை இன்று போடுங்கள். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் திடீரென்று நிறுத்தி, பெரிய வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. வால்ப்ரோயேட் என்ற மருந்து குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பது உண்மை. நீங்கள் போடுவது அதுதானா என்று அட்டையைப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரையும் பிரசவ மருத்துவரையும் பாருங்கள், மாற்ற வேண்டுமா, அளவைக் குறைக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். போலிக் அமில மாத்திரை போடுகிறீர்களா என்றும் கேளுங்கள்.

மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பும் ஒரு குறையாக எழுதப்பட்டிருந்தது. 1999 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறி இத்தனை வருடம் ஆகியும் பெண் பார்க்கப் போகும் வீடுகள் மாறவில்லை. நான் பார்க்கிற இளம் பெண்களில் மாத்திரை விட்டுப்போனதற்குச் சொல்லும் காரணங்களில் மாமியார் வீடு அடிக்கடி வரும்.


நாட்டுவைத்திய ஆர்வலர்

ஆங்கில மருந்தை ஆயுள் முழுக்கத் தின்பதால்தான் இதெல்லாம். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் மூன்று மாதப் பத்தியத்தில் நிறுத்திவிடுவார்கள். வேண்டுபவர்கள் தனிச்செய்தியில் வாருங்கள்.


நெறியாளர்

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இந்த இழையில் இடமில்லை. மருந்தை விட்டதால் உயிர் போன வீட்டிலிருந்து ஒருவர் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறார். மேற்கண்டவர் எழுதும் அனுமதி நிறுத்தப்பட்டது.


இரவுப்பணி செவிலி

பக்கத்தில் படுக்கச் சொல்கிறோம், சரி. வந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே. கையில் சாவிக்கொத்தும் இரும்புத் துண்டும் திணிக்கப்பட்டு, பல்லுக்கிடையில் கரண்டி வைத்துப் பல் உடைந்து வரும் நோயாளிகளை இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கிறேன். இரும்பு வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் வலிப்பு தானாகவே நிற்கும், அந்த நேரத்தில் சாவியைக் கொடுத்ததால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது.

கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்துங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு வருவதற்குள் மறுபடி வந்தாலோ 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே வீட்டில் வைத்திருக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

பலர் தவறவிடுவது வலிப்பு நின்ற பிறகுதான். அப்பாடா நின்றுவிட்டது, தூங்கட்டும் என்று லைட்டை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்போதுதான் இருக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முகம் தலையணையில் பதியாமல். தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மூச்சு சீராகி, கேட்டதற்குப் பதில் சொல்லும்வரை எழுந்து போகாதீர்கள். மூச்சு இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, மல்லாக்கத் திருப்பி நடுநெஞ்சை இரண்டு கையாலும் வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.


செல்லூர் அக்கா

செவிலி அக்கா எழுதியதை மூன்று தடவை படித்தேன். எனக்குள் ஓடிக்கொண்டே இருப்பது அந்தத் தாழ்ப்பாள்தான். மாடியில் அறை கட்டியபோது தனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று கேட்டான். தாழ்ப்பாள் வாங்கிப் போட்டுக் கொடுத்தது நான். என் முதல் சம்பளம்.


நரம்பியல் மருத்துவர், தென்மாவட்டம்

அம்மா, 24 வயதுப் பையன் தனக்கு ஒரு கதவு கேட்பது இயல்பு. அக்கா வாங்கிக் கொடுப்பதும் இயல்பு. அந்தக் கதவில் என்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நாங்கள். பக்கத்தில் ஆள் இருந்தும் இறந்தவர்களும் உண்டு, எல்லா மரணத்தையும் தடுக்க முடியாது. தாழ்ப்பாளை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.


ஓய்வுபெற்ற வாத்தியார், திருமங்கலம்

என் மனைவியிடம் இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். 40 வருடத்தில் முதல் முறை. கேட்டுவிட்டு, "இது எனக்குத் தெரியும், எங்கள் சித்தப்பா அப்படித்தான் போனார், நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை" என்றார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் காப்பதாக நினைத்துப் பேசாமலே இருந்திருக்கிறோம். என் முந்தைய கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் அம்மா.


மேலூர் அப்பா

இன்று மகளின் டாக்டரிடம் நானே கேட்டேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார், ஃபைலை மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசினார். கேட்டது நல்லது என்றார். மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று நாங்களாக முடிவு செய்யக் கூடாது, அவர் சொல்லும்போது சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதை நிறுத்திவிட்டோம். கட்டிலை மட்டும் எங்கள் அறைக்கு மாற்றியாயிற்று, அவளுக்கு ஒரே சந்தோஷம்.


உசிலை மருமகள்

டாக்டரைப் பார்த்தேன். நான் போடுவது வால்ப்ரோயேட் இல்லை, லெவிட்டிராசிட்டம். தொடரச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை டப்பா இப்போது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது.


செல்லூர் அக்கா

எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று வாரத்தில் கொடியேற்றம். இந்த வருடம் திருவிழாப் பக்கமே போகக் கூடாது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். என் மாமா பையனுக்கும் வலிப்பு உண்டு, பதினாறு வயது. எதிர்சேவை பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நேற்று அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், தம்பிக்கு நடந்தது உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியென்றால் நீங்களும் கூட வாங்க அக்கா" என்றான். கூட்டிக்கொண்டு போகிறேன். தல்லாகுளத்தில் சாமி பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் வீடு. அவன் இரவு மாத்திரை என் பையில் இருக்கும்.